"10 தடவை, நாளுக்கு 2 முறை" என்று எழுதித் தந்த பிறகு: வீட்டில் தசை வலுப் பயிற்சி தொடங்குபவர்களுக்கு

ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பிரிவிலிருந்து வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருக்கும். நாலைந்து கோட்டுப்படம், பக்கத்தில் பேனையால் "10 தடவை, நாளுக்கு 2 முறை". அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, ஆறு மாதம் கழிந்தும் அதே பத்தை எடை எதுவும் கட்டாத காலால் செய்துகொண்டிருப்பவர்கள் கொழும்பில் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். பயிற்சியில் பிழையில்லை. அந்த அளவு அன்றைய காலுக்கு எழுதியது; கால் அதைத் தாண்டி வந்து மாதங்களாகிவிட்டன. மாத்திரைக்கு மில்லிகிராம் எப்படியோ, தசைப் பயிற்சிக்கு எடை, தடவை, செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் தடவைகளின் ஒரு தொகுதி), ஓய்வு ஆகிய நான்கும் அப்படி. அவற்றை வீட்டில் எப்படித் தீர்மானிப்பது, எப்போது கூட்டுவது என்பதைப் பார்ப்போம்.

வலு வேறு, தாக்குப்பிடிப்பு வேறு

புறக்கோட்டையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறுகிறீர்கள். மிதிபலகையில் ஒரு காலை வைத்து முழு உடம்பையும் மேலே தூக்கும் அந்த ஒரு கணத்துக்கு வேண்டியது வலு. இருக்க இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்தபடி தெஹிவளை வரை நிற்பதற்கு வேண்டியது தாக்குப்பிடிப்பு. ஏறவே கஷ்டப்படுபவரும், ஏறிவிட்டு வெள்ளவத்தை வருமுன் கால் நடுங்கத் தொடங்குபவரும் "கால் பலமில்லை" என்றுதான் சொல்வார்கள். மருந்து ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டைச் சிகிச்சை முறையாக்கியவர் தோமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களின் தொடைத் தசைக்கு, அதுவரை வழக்கமாயிருந்த இலேசான நீண்ட பயிற்சிகளை விட்டு, பாரமான எடையைச் சில தடவை மட்டும் தூக்கவைத்தார். 1945 இல் அதை எழுதி வெளியிட்டார். பாரம் கூட, தடவை குறைவு என்றால் வலு. பாரம் குறைவு, தடவை கூட என்றால் தாக்குப்பிடிப்பு. இலேசான எடையையும் களைக்கும்வரை தூக்கினால் தசை பருக்கும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் உச்ச வலுவுக்குப் பாரமே மேல்.

தொடங்குமுன் யார் கேட்க வேண்டும்

அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் எலும்பு முறிவு ஆறாதவர்களும் இக்கட்டுரையை வைத்துத் தொடங்கக் கூடாது. தைத்த தசைநாருக்கு எத்தனையாவது கிழமையில் எவ்வளவு பாரம் என்பது சத்திரசிகிச்சை நிபுணர் சொல்வது. மாரடைப்பு வந்தவர்கள், நீரிழிவால் கண் விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர்கள், ஓய்வாக இருக்கும்போதே பிரஷர் 180/110 ஐத் தாண்டுபவர்கள் வைத்தியரிடம் கேட்ட பிறகே எடையைத் தொட வேண்டும். மூட்டு சூடாகவும் சிவந்தும் வீங்கியிருந்தாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும், இடுப்பு வலியோடு சிறுநீர் கழிப்பதில் மாற்றம் வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி இல்லை, வைத்தியர்தான். பயிற்சியின் நடுவே நெஞ்சு இறுகினால் நிறுத்தி 1990 ஐ அழையுங்கள். வியர்த்துவிட்டுச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்களும் சீனியைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் முதலில் சீனி பார்க்க வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவு மாப்பொருள் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம். மட்டமாக நிரப்பிய நாலு தேக்கரண்டிச் சீனி கிட்டத்தட்ட அந்த அளவு.

முதல் நாள்: அளந்து எழுதுங்கள்

ஒரு கொப்பி வாங்குங்கள். அதில் முதல் பக்கம் 30 வினாடிக் கதிரைச் சோதனைக்கு. இருக்கை உயரம் 43 சென்ரிமீற்றர் வரும் கைப்பிடியில்லாத கதிரையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, 30 வினாடிக்குள் எத்தனை தடவை முழுதாக எழும்பி உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். கையை ஊன்றாமல் எழும்பவே முடியாவிட்டால் எண்ணிக்கை பூச்சியம். அதையும் எழுதுங்கள், அடுத்த மாதம் அது ஒன்றாவதுதான் முன்னேற்றம்.

முதியோருக்கான அளவுகளும் உண்டு. அமெரிக்க முதியோரை வைத்து வகுத்தவை என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள்: 60 முதல் 64 வயதில் ஆண் 14 க்கும் பெண் 12 க்கும் குறைந்தால், 70 முதல் 74 இல் ஆண் 12 க்கும் பெண் 10 க்கும் குறைந்தால், 80 முதல் 84 இல் ஆண் 10 க்கும் பெண் 9 க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே, விழும் அபாயம் கூட. உங்கள் எண்ணை ஆறு கிழமை கழித்து வரும் உங்கள் எண்ணோடு ஒப்பிடுவதே அதிகம் உதவும்.

தாளில் "3/5" என்றிருந்தால்

கிளினிக் தாளில் தசைக்குப் பக்கத்தில் ஒரு பின்னம் எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தத் தசையின் வலு ஐந்துக்கு எத்தனை என்பதே அது. 0 என்றால் தசையில் அசைவே இல்லை. 1 என்றால் துடிப்பு மட்டும். 2 என்றால் புவியீர்ப்பை எதிர்க்காமல், கட்டிலில் வழுக்கியபடி அசைக்கலாம். 3 என்றால் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்கலாம், கூடுதல் பாரம் தாங்காது. 4 என்றால் ஓரளவு தாங்கும். 5 வழமையான வலு.

எங்கே தொடங்குவது என்பதை இந்த எண் சொல்லிவிடும். 2 இல் இருப்பவருக்கு மணல் பை கட்டினால் இடுப்பைத் திருகி வேறு தசையால் இழுப்பார். அவருக்குக் குதிக்காலின் கீழே பவுடர் தூவிய தட்டம் ஒன்றை வைத்து வழுக்கவிடுவதே பயிற்சி. 3 இல் காலின் சொந்த எடை போதும். 4 வந்த பிறகுதான் கீழே சொல்லும் பாரங்கள்.

முழங்கால் வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூட்டுக்குள் நீர் கட்டும்போது முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை குறைந்துவிடும். எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. சோம்பேறித்தனம் என்று வீட்டார் திட்டுவதில் பயனில்லை. துவாயில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து வீக்கத்தை அடக்கிய பின், கட்டிலில் காலை நீட்டி, முழங்காலின் கீழே சுருட்டிய துவாயை வைத்து அதைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். 5 வினாடி பிடி, 5 வினாடி விடு, 10 தடவை. உள்ளங்கையை முன்தொடையில் வைத்தால் தசை இறுகுவது தெரியும்.

பாரம் எங்கே எடுப்பது

கடையில் விற்கும் கணுக்கால் எடைகள் பெரும்பாலும் அரை கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று தாவும். வலு ஏற ஏறப் பாரத்தை 2 முதல் 10 வீதமளவில் கூட்டுவதுதான் பரிந்துரை. ஒரு கிலோவிலிருந்து இரண்டுக்குப் போவது நூறு வீதம். அங்கேதான் முழங்கால் கோபித்துக்கொள்ளும்.

அதனால் வீட்டுப் பாரமே மேல். பழைய டெனிம் காற்சட்டையின் ஒரு காலை 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறு முனைக்கு நாடா வையுங்கள். உள்ளே இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பைகளில் காய்ந்த மணல். சமையலறைத் தராசில் நிறுத்து 1 கிலோவில் தொடங்குங்கள். பிறகு 100 கிராம் 100 கிராமாகச் சேர்க்கலாம். கடற்கரையில் அள்ளிய மணல் வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எடையும் மாறும், நாற்றமும் வரும். பக்கத்தில் எங்காவது கட்டட வேலை நடந்தால் ஒரு வாளி மணல் கேட்டால் தருவார்கள்.

கையில் பிடிக்கத் தண்ணீர்ப் போத்தல். 1.5 லீற்றர்ப் போத்தல் நிறைந்தால் ஒன்றரைக் கிலோ. ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரை ஊற்றினாலோ எடுத்தாலோ பாரம் அதற்கேற்ப மாறும். இத்தனை நுணுக்கமாக ஜிம்மில்கூடக் கூட்ட முடியாது. கைப்பிடி வேண்டுமென்றால் ஷொப்பிங் பையில் போட்டுப் பிடியுங்கள். காலில் மட்டும் பையைத் தொங்கவிடாதீர்கள், ஆடி ஆடி முழங்காலைப் பக்கவாட்டில் இழுக்கும்.

ரப்பர் பட்டியும் நல்லது, ஆனால் அதன் குணம் வேறு. இழுக்க இழுக்க இறுகும், கடைசியில்தான் முழுப் பாரம். தெரபாண்ட் வகையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்ற வரிசையில் இறுக்கம் ஏறும். இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மஞ்சள் ஏறத்தாழ 1.3 கிலோ, பச்சை 2.1, கறுப்பு 3.3. வேறு கம்பனிப் பட்டியில் அதே நிறம் வேறு இறுக்கமாக இருக்கலாம். கடலோர வீடுகளில் யன்னல் கம்பியில் தொங்கவிட்டால் வெயிலும் உப்புக் காற்றும் ரப்பரை வெடிக்கச் செய்யும். ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்த்த பிறகே இழுங்கள், அறுந்தால் கண்ணில்தான் அடிக்கும்.

சரியான பாரத்தைக் கண்டுபிடிப்பது

ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய உச்ச எடையைச் சோதிப்பது விளையாட்டு வீரர்களுக்கு. வீட்டில் அது தேவையில்லை, ஆபத்தும்கூட. ஒரு பாரத்தை எடுத்து ஒழுங்கான முறையில் எண்ணுங்கள். 10 க்கும் 12 க்கும் இடையில் "இன்னும் இரண்டு வரும், மூன்றாவது வராது" என்று தோன்ற வேண்டும். 20 வந்தும் பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் பாரம் போதாது. 6 இல் உடம்பு கோணினால் பாரம் கூடிவிட்டது.

அப்படிக் கிடைத்த பாரத்தில் 10 முதல் 12 தடவை ஒரு செட். செட்டுக்கு இடையே 2 நிமிட ஓய்வு. முதல் இரண்டு கிழமை 2 செட், பிறகு 3. டெலோர்ம் வகுத்த பழைய முறை இன்றும் உதவும்: உச்சமாகப் பத்துத் தடவை தூக்கக்கூடிய எடையைக் கண்டுபிடித்து, முதல் செட் அதில் பாதியில், இரண்டாவது முக்காலில், மூன்றாவது முழுதில். 4 கிலோ என்றால் 2, 3, 4. மூட்டு இறுகிக் கிடக்கும் காலை நேரத்துக்கு இது பொருத்தம், முதல் செட்டே உடம்பைச் சூடாக்கிவிடும்.

கிழமைக்கு 2 அல்லது 3 நாள், ஒரே தசைக்கு இடையில் 48 மணி நேரம். தாளில் "நாளுக்கு 2 முறை" என்று இருப்பது எடையில்லாத தொடக்கப் பயிற்சிகளுக்கு. பாரம் கட்டத் தொடங்கிய பிறகும் அப்படியே தினம் இரு வேளை செய்தால் தசை ஆற நேரமே இருக்காது.

கதிரையிலிருந்து எழும்புதல்: நிதானமாக ஒரு தடவை

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். தொடை, பிட்டம் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்; பஸ், கழிவறை, கோயில் மண்டபத் தரை எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை ரைல்ஸ் தரையில் வழுக்கும், கால் விரிந்து உடைவதும் உண்டு. மரக் கதிரை இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டுச் சுவரோடு ஒட்டுங்கள். உறுதியும் கூடும், இருக்கையும் சற்று உயரும். தொடக்கத்தில் உயரம் நல்லது. போதாவிட்டால் மடித்த போர்வையை வையுங்கள், பஞ்சு மெத்தை அமுங்கிவிடும்.

இருக்கையின் முன் பாதிக்கு வாருங்கள். பாதங்கள் இடுப்பகலம். குதிக்காலை முழங்காலுக்குக் கீழே இருந்து பத்து சென்ரிமீற்றர் அளவு பின்னுக்கு இழுங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது இதை. கால் முன்னே நீட்டியிருந்தால் எவ்வளவு வலு இருந்தாலும் எழும்ப முடியாது. மூக்கு கால் விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னே சாயுங்கள். பிட்டம் தானாக இலேசாகும். அப்போது மூச்சை வெளியே விட்டபடி எழும்புங்கள். முழங்கால்கள் உள்நோக்கி ஒன்றையொன்று தேடிப் போகக் கூடாது, இரண்டாவது கால் விரலின் திசையில் நிற்கட்டும்.

இறங்கும்போதுதான் பாதிப் பயிற்சி இருக்கிறது. மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள். கடைசிச் சாணில் "தொப்" என்று விழுந்தால் அந்தத் தடவை கணக்கில் இல்லை.

கை ஊன்றாமல் 12 தடவை 3 செட் வந்துவிட்டால் போர்வையை எடுங்கள். அதிலும் வந்தால் ஒரு போத்தலை நெஞ்சோடு அணையுங்கள், பிறகு இரண்டு.

மற்றவை

மணல் பையைக் கணுக்காலில் கட்டி உயரமான கதிரையில் இருந்து முழங்காலை நீட்டுவது முன்தொடைக்கு. மேலே போக 2 வினாடி, நேராக்கி 1 வினாடி, இறங்க 3 வினாடி. கால் தொங்கும்போது பாரமே தெரியாது, முழுதாக நீட்டும்போதுதான் உச்சம். கடைசிச் சில பாகையில் நிறுத்திவிட்டால் தேவையான இடம் தப்பிவிடும். முழங்கால் சில்லின் பின்னால் கூரான வலி வந்தால் இதை விட்டுக் கதிரைப் பயிற்சிக்கே போங்கள்.

கெண்டைக்காலுக்கு, சமையலறை மேடையை விரல் நுனியால் பிடித்தபடி குதிக்காலை உயர்த்துதல். இரு காலில் 20 சுலபமானால் ஒற்றைக் காலில். தசைப் பரிசோதனையில் ஒற்றைக் காலில் 25 தடவை வந்தால்தான் முழுப் புள்ளி. தோளுக்கும் முதுகுக்கும் ரப்பர் பட்டி: நடுவில் முடிச்சுப் போட்டு, முடிச்சைக் கதவின் அந்தப் பக்கம் விட்டுக் கதவைப் பூட்டி, இரு முனையையும் விலாவை நோக்கி இழுங்கள். திறப்பு உங்கள் பையில் இருக்கட்டும். அந்தப் பக்கமிருந்து யாராவது திறந்தால் பட்டி முகத்துக்கு வரும்.

எப்போது கூட்டுவது

கடைசிச் செட்டில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் இரண்டு தடவை கூடுதலாக வருகிறதா? அடுத்தடுத்த இரண்டு நாள் பயிற்சியிலும் வந்ததா? அப்படியென்றால் கூட்டுங்கள். ஒரு நாள் வந்ததை நம்ப வேண்டாம், அன்றைக்கு நல்ல தூக்கமாக இருந்திருக்கலாம். 1 கிலோ மணல் பைக்கு 100 கிராம். கூட்டியதும் எண்ணிக்கை 12 இலிருந்து 9 அல்லது 10 க்கு இறங்கும், பயப்பட வேண்டாம்.

முதல் மூன்று நாலு கிழமையில் பாரம் விறுவிறுவென ஏறும், தொடையை அளவுநாடாவால் அளந்தால் ஒன்றும் மாறியிருக்காது. நரம்பு கூடுதல் தசை நார்களை வேலைக்கு எழுப்பப் பழகுவதுதான் அந்த முன்னேற்றம். தசை பருப்பது அதற்குப் பிறகு, மெதுவாக. ஆறாம் கிழமையில் வேகம் குறைந்ததும் "இனிப் பயனில்லை" என்று விடுபவர்கள் தசை கட்டத் தொடங்கும் நேரத்தில் விடுகிறார்கள்.

சாப்பாடும் சேர வேண்டும். முதியோருக்கு உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது பொதுவான பரிந்துரை. 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. பாணும் சம்பலும் மட்டும் இராச்சாப்பாடு என்றால் கணக்குச் சேராது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது.

தாக்குப்பிடிப்புக்கு

பாரத்தைப் பாதிக்குக் கிட்டக் குறைத்து, 15 முதல் 25 தடவை, 2 செட், ஓய்வு 30 முதல் 60 வினாடி. ஓய்வைக் குறைப்பதே இங்கே மருந்து. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நாலு நிமிடம் இருந்தால் வெறும் இலேசான வலுப் பயிற்சியாகிவிடும். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு மாடிப்படி கைவசம். ஒரு மாடி ஏறி, 30 வினாடி நின்று, மறு மாடி. இறங்க லிஃப்டைப் பிடியுங்கள், தொடக்கத்தில் படி இறங்குவதுதான் தொடையை அதிகம் நோகவைக்கும்.

எங்கே பிழைக்கிறது

மூச்சைப் பிடிப்பது முதற்பிழை. தம் கட்டித் தூக்கும்போது பிரஷர் சட்டென்று ஏறும், விட்டதும் இறங்கித் தலை சுற்றும். தூக்கும்போது சத்தமாக எண்ணுங்கள். எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது.

வலியைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதது அடுத்தது. பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தசையின் நடுவில் இருபக்கமும் ஒரேமாதிரி நோவது வழமை, மூன்றாம் நாளளவில் அடங்கும். மூட்டுக்குள் குத்துவது, ஒரு புள்ளியில் நோவது, மறுநாள் காலை வீக்கம் கூடியிருப்பது வேறு. நெடுநாள் முழங்கால் வலி உள்ளவருக்கு, செய்யும்போது பத்துக்கு நாலைந்து வரை வலி இருக்கலாம். மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த நாள் ஒரு செட்டைக் குறையுங்கள். நிறுத்த வேண்டியதில்லை.

அளவுக்கு மீறிச் செய்து, தசை வீங்கி, சிறுநீர் கடும் பிளேன்டீ நிறத்தில் போனால் அது தசை சிதைந்து இரத்தத்தில் கலப்பது. சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொழும்பின் புழுக்கத்தில், மின்விசிறி இல்லாமல், தண்ணீர் குடிக்காமல் முதல் நாளே நூறு தடவை எழும்பி உட்காருபவர்கள் இந்த ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள். காலை 7 மணிக்கு முன் முடிப்பது சுகம்.

எண்ணெய் தேய்த்த கையோடு போத்தலைப் பிடிக்காதீர்கள். எண்ணெய் பயிற்சிக்குப் பிறகு.

திரும்பக் கிளினிக் போகும்போது

இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்டா என்று தனியார் இடங்களில் கேட்கத் தயங்காதீர்கள். சிங்களத்தில் "ரிதெனவாத?" என்று கேட்டால் வலிக்கிறதா என்று அர்த்தம். வெறும் "ஒவ்" என்று தலையாட்டாமல், பத்துக்கு எத்தனை என்று விரலால் காட்டுங்கள், எந்த இடம் என்று தொட்டும் காட்டுங்கள். "தவ எகக்" என்றால் இன்னும் ஒன்று.

கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். "செய்கிறேன், பரவாயில்லை" என்ற பதிலை வைத்து அவரால் அளவை மாற்ற முடியாது. இப்படி ஒரு வரி இருந்தால் முடியும்: "புதன். வலது கால், மணல் பை 1.3 கிலோ. 12, 12, 14. வலி 3. வியாழன் காலை வலி 1, வீக்கம் இல்லை. கதிரை 30 வினாடி: முதல் நாள் 7, இன்று 10."